ஒரே இன்டெக்ஸில் நூலும் ஒலிப்பதிவும்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தின் நூல்கள், இதழ்கள், ஒலிப்பதிவுகள் மூன்றையும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஒரே இன்டெக்ஸில் (தேடுவதற்காக ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) சேர்க்க விரும்புகிறோம். நூலுக்குப் பதிப்பகம் உண்டு, ஒலிப்பதிவுக்குக் கால அளவு உண்டு; இப்படித் தகவல் புலங்கள் (ஃபீல்டுகள்) ஒத்துப்போகவில்லை. தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமா?

பதில்: பிரிக்க வேண்டியதில்லை. எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் இயங்கும் லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பு, ஒவ்வொரு புலத்துக்கும் தனிச் சொற்பட்டியல் வைத்து, எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்வதால், பதிப்பகம் இல்லாத ஒலிப்பதிவு அந்தப் பட்டியலில் இடம்பெறாது, அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல், ஒரே பெயருடைய புலம் இரு வகையாக வருவதில் இருக்கிறது. நூலில் ‘ஆண்டு’ 1998 என்ற எண்ணாகவும், இதழில் ‘1998 சித்திரை’ என்றும் இருந்தால், எண்ணாக வரையறுத்த புலம் அதை ஏற்காது. இயல்பான அமைப்பில் அந்த ஆவணம் முழுவதுமே நிராகரிக்கப்படும். எனவே மாதத்தை ‘வெளியீட்டுக் காலம்’ என்ற வேறு புலத்துக்கு மாற்றிவிடுங்கள். ஓர் இன்டெக்ஸில் பல ‘டைப்’கள் (ஆவண வகைகள்) வைக்கும் வசதியை 2017இல் வந்த எலாஸ்டிக்சர்ச் 6.0 பதிப்பு நிறுத்தியதற்கும் இத்தகைய மோதல்களே முக்கியக் காரணம்.

அதற்கு ஈடாக ‘பொருள்வகை’ என்று கீவேர்டு புலம் (மதிப்பைச் சொற்களாகப் பிரிக்காமல் முழுதாக வைக்கும் புலம்) ஒன்றை நீங்களே சேர்த்து, அதைக் கொண்டு வடிகட்டுங்கள். தலைப்பு, ஆசிரியர் போன்ற பொதுப் புலங்களுக்கு மூன்றிலும் ஒரே பெயரையே வையுங்கள். புலங்களின் எண்ணிக்கைக்கு இயல்பான வரம்பு 1000; உங்களுக்கு அது தாராளம்.