மேப் காட்டாத ஏற்றங்கள்: குமரியில் 3 நாள் சைக்கிள் பயணம்

கேள்வி: என்னிடம் 21 கியர் ஹைபிரிட் சைக்கிள் இருக்கிறது. திருநெல்வேலியில் ஞாயிறுதோறும் 50 கி.மீ. ஓட்டுகிறேன், எல்லாம் சமதரை. தை மாதம் 3 நாள் லீவில், கன்னியாகுமரியில் ஆரம்பித்துக் கடலோரமாகப் போய், திற்பரப்பு, பேச்சிப்பாறை பார்த்துவிட்டு நாகர்கோவிலில் முடிக்க ஆசை. மேப்பில் பெரிய மலை எதுவும் வழியில் இல்லை. ஆனால் மார்த்தாண்டத்துக்கார நண்பர், "தொடை கழண்டு போகும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. கொடைக்கானல் போல ஒரே மூச்சாக ஏறும் மலை உங்கள் வழியில் கிடையாது. மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலம் முழுக்கக் குன்றும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. 300 மீட்டர் நீளத்துக்கு ஏற்றம், உடனே இறக்கம், ஓடையைத் தாண்டியதும் மறுபடி ஏற்றம். கிளம்பிய இடத்தின் உயரமும் சேரும் இடத்தின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் மேப்பில் இது கண்ணில் படாது.

திருவட்டாறுக்கு 3 கி.மீ. தள்ளி இருக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக 115 அடி உயரத்தில் கட்டிய பாலம் அது. மேலே தண்ணீர் சமமாகப் போய்விடுகிறது. கீழே பரளியாற்றைக் கடக்க வேண்டியவர்கள் அந்த 115 அடியையும் இறங்கி ஏற வேண்டும். அதாவது 35 மீட்டர். அப்படி ஒரு நாளில் 15 பள்ளம் வந்தாலே 525 மீட்டர் ஏறியாகிவிட்டது. ஆகவே சமதரையில் 50 கி.மீ. ஓட்டுகிறவர் இங்கே மேற்குப் பக்கத்தில் 40 கி.மீ.க்கு மேல் திட்டம் போடக் கூடாது.

முதல் வேலை கியர். உங்கள் ரக சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 48-38-28 பல், பின்னால் 14-28 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) இருக்கும். மிக லேசான கியரிலும் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று, சுமார் 2.17 மீட்டர் நகரும். மூட்டை முடிச்சோடு 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இது முழங்காலைப் பிடுங்கும். 14-34 ஃப்ரீவீல் மாற்றுங்கள். அதே சுற்றுக்கு 1.8 மீட்டர்தான் நகரும், மிதிப்பு சுமார் ஆறில் ஒரு பங்கு லேசாகும். மாற்றுமுன் பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) 34 பல் தாங்கும் ரகமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய செயினையே போடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தப்பு. நீளம் போதாத செயின், முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லில் விழும்போது விறைத்து டீரெயிலரையே பிய்த்துவிடும். புதுச் செயினை டீரெயிலருக்குள் விடாமல் பெரிய பல் இரண்டையும் சுற்றிப் பிடித்து, ஒன்றையொன்று தொடும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூட வைத்து வெட்டச் சொல்லுங்கள். டீரெயிலரின் மேல் உருளை 34 பல்லில் உரசினால், அதிலுள்ள 'பி' திருகை அரைச் சுற்று முறுக்கினால் விலகும்.

சாமான் 8 கிலோவுக்குள் இருக்கட்டும். எல்லாவற்றையும் பின் கேரியரில் ஏற்றினால் செங்குத்தில் முன்சக்கரம் தூக்கும். பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிதான் முதலில் உடையும். தண்ணீர், டூல் போன்ற கனமானவற்றை ஹேண்டில் பைக்கு மாற்றுங்கள். டயர் 35 அல்லது 38 மி.மீ. அகலம். காற்று பின்னால் 55, முன்னால் 48 பிஎஸ்ஐ. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பெட்ரோல் பங்க் பம்பு பொருந்தாது. பித்தளை அடாப்டர் ஒன்றும் கைப்பம்பும் கட்டாயம்.

முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து குளச்சல், 40 கி.மீ. சொச்சம். தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கிழக்கே தொடங்கி மேற்கே போவதால் அது உங்கள் வலப் பக்கமாகவும் முதுகுப் பக்கமாகவும்தான் இருக்கும். இதே பயணத்தை ஆனி, ஆடியில் வைத்தால் மேல்காற்று நெஞ்சில் அடிக்கும். கோவளம் தாண்டி மணக்குடிப் பாலம். 2004 சுனாமி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனபின் கட்டியது. அங்கிருந்து ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு. முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுவதைத் தவிரப் பெரிய சிரமம் இல்லை. சாலையில் வலை உலர்த்தியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். நைலான் நூல் டீரெயிலரில் சிக்கினால் உங்களுக்கும் நஷ்டம், வலைக்காரருக்கும் நஷ்டம்.

இந்தக் கடற்கரையில் கவனிக்க வேண்டியது மணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்பும் சிவப்புமாக மின்னும் மணலில் இல்மனைட் தாதுவோடு கார்னட் தாதுவும் இருக்கிறது. உப்புத்தாள் செய்வதற்குப் பயன்படும் அதே கார்னட். சாலை ஓரத்தில் காற்று கொண்டுவந்து போட்ட மணலில் நாலைந்து துகள் பிரேக் கட்டை ரப்பரில் பதிந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கிர்' என்று ரிம்மைச் சுரண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி, ஊக்கு முனையால் துகளைக் கிளறி எடுத்து, ரிம்மை ஈரத்துணியால் துடையுங்கள். ராத்திரி குளச்சலில் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் உலர்த்தி, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் மறுநாள் அதில்தான் மணல் ஒட்டும். கழுவாமல் விட்டாலோ உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் துரு ஏறும்.

இரண்டாம் நாள் திங்கள்நகர், தக்கலை, அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, திருவட்டாறு, மாத்தூர், குலசேகரம், திற்பரப்பு. மூன்று நாளில் கஷ்டமான நாள் இதுதான். காலை 6 மணிக்கே கிளம்புங்கள். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க ஆசை என்றால் இந்த நாள் திங்கள்கிழமையாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று விடுமுறை. தக்கலை – அழகியமண்டபம் துண்டு மட்டும் தேசிய நெடுஞ்சாலை. அகலம் குறைவு, கேரளத்துக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் அதிகம். பின்னால் லாரி நெருங்கினால் தயங்காமல் இறங்கி ஒதுங்குங்கள்.

ஏற்றத்தில் செய்யும் பொதுவான தவறு கியரைத் தாமதமாக மாற்றுவது. இறக்கத்தின் வேகத்திலேயே பாதி ஏற்றம் ஏறிவிடலாம் என்று பெரிய கியரில் போய், நடுவில் மூச்சு முட்டியபின் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று பிரேமுக்கும் பல்லுக்கும் நடுவில் மாட்டும். பள்ளத்தின் அடியிலேயே முன் கியரைச் சின்னதுக்கு இறக்கிவிட்டு, பின் கியரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முடியவில்லை என்றால் தள்ளிக்கொண்டு நடங்கள். அந்த ஏற்றத்தில் ஓட்டுவதற்கும் நடப்பதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது.

இறக்கத்துக்கு வருவோம். தை மாதம் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம். தோட்டத்துச் சாலை முழுக்கச் சருகு. அடியில் குழியா, ஜல்லியா தெரியாது. காலைப் பனியில் நனைந்த சருகு சோப்பு போல வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். காலை வேளையில் ரப்பர் பால் கேன் கட்டிய பைக்குகள் எதிரே வரும் என்பதால் உள்வளைவை வெட்டவே கூடாது.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். அரை மணிக்கு ஒரு மட்டி வாழைப்பழம், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். இடையிடையே உப்புப் போட்ட மோர். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் ராத்திரிக்கு வையுங்கள்; மத்தியானம் சாப்பிட்டால் ஏற்றத்தில் வயிறு கனக்கும்.

மூன்றாம் நாள் பேச்சிப்பாறை அணைவரை போய்த் திரும்புங்கள். அதற்கு மேல் கோதையாறு சாலை காட்டுக்குள் போகிறது. யானை நடமாட்டம் உண்டு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். குலசேகரம் வந்து பொன்மனை, பெருஞ்சாணி, சுருளகோடு வழியாகப் பூதப்பாண்டி. இந்த நாள் தூரம் 40 கி.மீ.யைத் தாண்டும்; ஆனால் பூதப்பாண்டிக்குப் பிறகு நாஞ்சில்நாட்டு வயல்வெளி, உங்களுக்குப் பழகிய சமதரை. கால் மிச்சமில்லை என்று தோன்றினால் பேச்சிப்பாறையை விட்டுவிட்டுத் திற்பரப்பிலிருந்து நேரே இந்த வழியைப் பிடியுங்கள். ரயிலில் ஊர் திரும்புவதானால், நாகர்கோவில் சந்திப்பில் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பார்சல் அலுவலகம் போய், பைகளையும் லைட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளைப் பதிவு செய்யுங்கள்.