பூமியின் நடுவில் இன்னொரு கரு இருப்பது எப்படித் தெரிந்தது?

யாருமே தோண்டிப் போகாத ஆழம் எப்படித் தெரிந்தது என்று மட்டக்களப்பு, கல்லடி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கண்டுபிடித்தவர் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன், 1888இல் டென்மார்க்கில் பிறந்தவர். கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் கல் எறிந்து பாருங்கள், அலை தூணில் பட்டுத் திரும்பும். நிலநடுக்க அலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1929இல் நியூசிலாந்து குலுங்கியபோது, அலை வரவே கூடாத தூரத்திலும் மெல்லிய அதிர்வு பதிவானது. ஏன்?

கணினி இல்லாத காலம். அலைகள் வந்த நேரங்களை அட்டைகளில் எழுதி, வெறும் ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கி வைத்துத்தான் வேலை பார்த்தார்! ஏற்கெனவே தெரிந்த கருவுக்கு உள்ளே இன்னொரு கரு இருந்து, அதில் அலை பட்டுத் திரும்பினால்தான் கணக்குச் சரிவரும் என்று 1936இல் எழுதினார். கட்டுரைத் தலைப்பு வெறும் ‘பி டேஷ்’ (P′), கருவைக் கடந்து வரும் அலையின் குறியீடு. அவ்வளவுதான்.

1953இல் ஓய்வு பெற்றார். அப்புறமும் ஆராய்ச்சியை விடவில்லை. 104 வயதுவரை வாழ்ந்தார்.