பெட்டியைப் பிரித்தது கம்பெனி ஆள், டிவியை உடைத்தது மட்டும் நானா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பழனியில் இருக்கிறேன். வீட்டுக்கு முதல் பெரிய டிவியாக, கோவையில் ஒரு ஷோரூமில் 55 அங்குல டிவி வாங்கினேன். விலை 48,000 ரூபாய். பாதி ரொக்கம், மீதி மாதத் தவணை. டெலிவரி ஆட்கள் வந்தபோது அம்மா மட்டும்தான் வீட்டில். சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி ஆள் வரும்வரை பிரிக்கக் கூடாது என்றார்கள், நாங்களும் பிரிக்கவில்லை. நான்கு நாள் கழித்து டெக்னீஷியன் வந்து பிரித்து, மாட்டி, ஆன் செய்தால் பாதித் திரை கறுப்பு, மீதி வண்ணக் கோடுகள். ஜாப் ஷீட்டில் ‘பிசிக்கல் டேமேஜ், வாரண்டி இல்லை’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பேனல் மாற்ற 37,000 ரூபாய் கேட்கிறார்கள். கடைக்காரரோ ‘கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறார். தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: ‘பிசிக்கல் டேமேஜ்’ என்றால் பேனல் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் கையில் இருந்தபோது உடைந்தது என்று அந்தத் தாளில் இல்லை. உங்கள் கையெழுத்தும், டெக்னீஷியன் வந்தார், திரை உடைந்திருந்தது என்பதற்குத்தான் சாட்சி. அதனால் வாரண்டி பற்றி வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். நல்ல பொருள் உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 41 இங்கே உதவும். முன்பே பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. பிரிக்காதே என்று சொன்னது அவர்கள் தரப்பு. எனவே டெக்னீஷியன் வந்த அன்றுதான் உங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைத்தது. சலானில் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று இருந்தாலும், அம்மா பார்த்தது அட்டைப் பெட்டியைத்தானே!

கட்டில் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். வழக்கே அதில்தான் இருக்கிறது. பெரிய திரையின் கண்ணாடி மெல்லியது. படுக்கவைத்தால் விரிசல் விடலாம். நிமிர்த்தியே வைக்கச் சொல்லும் அம்புக்குறி பெட்டியிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் படுக்கவைத்தது டெலிவரி ஆட்கள். ‘நான்கு நாளும் ஏன் அப்படியே விட்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். மறைக்காதீர்கள். வைத்தவர்கள் யார், பிறகு யாராவது நகர்த்தினார்களா என்பதை நடந்தது நடந்தபடி அம்மா பிரமாணப் பத்திரத்தில் சொல்லட்டும். பெட்டி வந்ததும் அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள்.

இன்றைக்கே கடைக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் போடுங்கள். பெட்டியைப் பிரித்தவர் டெக்னீஷியன், முதல் தடவை ஆன் செய்தபோதே கோடுகள் தெரிந்தன என்று தேதியோடு எழுதுங்கள். ஜாப் ஷீட்டிலேயே எழுதியிருக்க வேண்டியது, இப்போதாவது பதிவாகட்டும். பெட்டி, தெர்மாகோல் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பேனலை ‘செக்கப்’ என்று கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கடையை விட்டுவிட்டுக் கம்பெனி மேல் மட்டும் வழக்குப் போடுவது சரிவராது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயம் அதே சட்டத்தில் இருக்கிறது; யாராவது அதில் போடச் சொன்னால் கேட்காதீர்கள். பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் வராது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கூடவே 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பல இடங்களில் இதோடு முடிந்துவிடும். முடியவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும்.

புது டிவி அல்லது 48,000 ரூபாய், வழக்குச் செலவு, நியாயமான ஒரு தொகை இழப்பீடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் மனுவின் மதிப்புத்தான் குறையும்.

தவணையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அது நிதி நிறுவனத்தோடு நீங்கள் போட்ட தனி ஒப்பந்தம். டிவி ஓடவில்லை என்பது அவர்களுக்குப் பதில் ஆகாது. அபராத வட்டி ஏறும், சிபில் மதிப்பெண் அடிபடும். கட்டிய வட்டி இருந்தால் அதையும் மனுவில் கேளுங்கள்.