பயிற்சியில் 555, போட்டியில் 530: எங்கே போகிறது அந்த 25?

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். பயிற்சியில் 600-க்கு 555 வரை வருகிறது. போட்டி என்றால் 530-ஐத் தாண்டுவதில்லை. சைட்டர் (புள்ளி சேராத முன்னோட்டச் சுடுகள்) முடிந்து மேட்ச் ஆரம்பித்ததும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஒரு 7 விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே சொதப்பல்தான். நடுக்கத்தை எப்படி நிறுத்துவது?
- கல்லூரி மாணவி, செல்லூர், மதுரை

பதில்: நடுக்கத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள். உங்கள் 25 புள்ளியைத் தின்பது பெரும்பாலும் அதுவல்ல.

கணக்கைப் பாருங்கள். இலக்கு அட்டையில் 10-ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் (குண்டு) 4.5 மி.மீ. வளையத்தைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், மணிக்கட்டு மடங்காமல் கை முழுதாக 7 மி.மீ. நகர்ந்தாலும் 10-தான். ஆனால் ரியர் சைட் (பிஸ்டலின் பின்பக்கக் குறிகாட்டி) பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் (முன்பக்கக் குறிகாட்டி) 1 மி.மீ. விலகினால் போதும், இரண்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், அட்டையில் அது 30 மி.மீ. ஆகிவிடும். அது 7. ஆகவே கண் ஃப்ரண்ட் சைட்டில்தான் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும், கை ஆடட்டும்.

அந்த 1 மி.மீ. விலகலை உண்டாக்குவது விரல். கை ஆடுகிறதே என்ற பயத்தில், படம் சரியாகத் தெரிந்த கணத்தில் 'இப்போ' என்று டிரிகரை வெடுக்கென இழுக்கிறோம். மற்ற விரல்களும் சேர்ந்து இறுகி, பிஸ்டல் முனை கீழே குத்துகிறது. வலது கைக்காரர் என்றால் குண்டு கீழே இடப்பக்கம் போகும். போன போட்டியின் மோசமான சுடுகள் அங்கேயே குவிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், விரல்தான்.

இதற்கு மருந்து, பிஸ்டலை இறக்கி வைக்கும் துணிச்சல். குறியிடத்தில் கை நின்று 8 நொடிக்குள் சுடு போகவில்லையா, இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் பிடித்தால் மூச்சு முட்டும், கண் களைத்துப்போய்ப் பழைய படத்தையே காட்டும். 60 சுடுக்கு 75 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 75 நொடி. இருபது தடவை இறக்கி ஏற்றினாலும் நேரம் மிஞ்சும். அவசரமாகச் சுட்டு முடித்துத் தப்பிக்க நினைப்பதுதான் பதற்றத்தின் வேலை.

7 விழுந்ததும் அடுத்த பெல்லட்டை எடுக்காதீர்கள். பிஸ்டலை மேசையில் வையுங்கள், உள்ளங்கை வியர்வையைத் துடையுங்கள் (நம்மூர் வெயிலில் கிரிப் வழுக்குவதே பாதிப் பயம்), மூச்சை உள்ளே இழுப்பதைவிட இரு மடங்கு நேரம் எடுத்து நாலைந்து முறை வெளியே விடுங்கள். ஃப்ரண்ட் சைட்டின் இரு பக்கமும் சமமான வெளிச்சம் தெரிவதை மனத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது அன்றைக்கு உங்கள் வேலையே இல்லை.

வீட்டில் தினமும் 20 நிமிடம், பெல்லட் இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர். டிரிகர் விழும்போது ஃப்ரண்ட் சைட் அசையாவிட்டால் அது நல்ல சுடு. தெருவில் திருவிழா மைக் செட் அலறும் நாளை விட்டுவிடாதீர்கள், அன்றைக்குத்தான் கட்டாயம் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை ரேஞ்சில் 15 நிமிடத் தயாரிப்பு, 75 நிமிட மேட்ச் என்று கடிகாரம் வைத்து, நாலு பேரைப் பின்னால் நிற்கச் சொல்லி முழுதாகச் சுடுங்கள். சென்னைப் போட்டிக்கு ராத்திரி பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்கி நேராக லேனுக்கு (சுடும் இடத்துக்கு) போகாதீர்கள், முந்தின நாளே போய்த் தூங்குங்கள். வழக்கமான காபிக்கு மேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் போட்டுக்கொள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் தடை செய்யப்பட்டவை. உங்களுக்கே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே டாக்டரிடமும் கோச்சிடமும் பேசிவிடுங்கள்.