வெயில் எறிக்குது, வீட்டில கரண்ட் இல்லை: சோலர் பற்றரி கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியளில முக்காவாசி சோலர் பற்றரி பற்றித்தான். கூரைக்குக் கூரை பெனல் ஏறி முடிஞ்சுது, இப்ப பற்றரி விக்கிற பொடியள் படலையைத் தட்டுகினம் போல.

கேள்வி: நான் பரந்தனில இருக்கிற ஒரு ரீச்சர். கூரையில 5 கிலோவாட் சோலர் இருக்கு. 2025 பெப்ரவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போச்சே, அண்டைக்கு கொளுத்துற வெயில், ஆனா எங்கட வீட்டில ஒரு ஃபான் கூட சுத்தேல்லை. பூட்டின ஆக்களைக் கேட்டா "அது அப்பிடித்தான் மிஸ், பற்றரி போட்டா சரி" எண்டு 10 யூனிற் பிடிக்கிற பற்றரிக்கு விலை தந்திருக்கினம். என்னை ஏமாத்திப்போட்டினமோ?

பதில்: ஏமாத்தேல்லை ரீச்சர், ஆனா விக்கேக்கயே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேணும். உங்கட வீட்டில இருக்கிறது ஒன்-கிரிட் இன்வேட்டர். ரோட்டு வயர்ல கரண்ட் இருந்தால்தான் அது வேலை செய்யும், இல்லாட்டி தன்னையே நிப்பாட்டிப்போடும். பழுதில்லை, வேணுமெண்டே அப்பிடிச் செய்து வச்சிருக்கு, ஏனெண்டால் லைன் செத்துப்போச்செண்டு நம்பி போஸ்ற்றில ஏறி நிக்கிற மனுசனுக்கு உங்கட கூரையில இருந்து கரண்ட் போய் அடிச்சால் என்ன கதி?

அண்டைக்கு, பெப்ரவரி 9, பாணந்துறை சப்ஸ்டேஷனில குரங்கு பாய்ஞ்சதெண்டு எல்லாரும் பகிடி விட்டினம். குரங்கு பாய்ஞ்சது சரி, ஆனா ஒரு குரங்குக்கு முழு நாடும் ஏன் இருண்டது எண்டதுதான் விசயம். ஞாயிறு பகல், கந்தோர் பூட்டு, பாவனை குறைவு, சோலர் அள்ளி ஊத்துது, அதால சுத்துற பெரிய மெஷினுகள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய அரிசி மில்லு எஞ்சினில ஒரு பெரிய இரும்புச் சில்லு இருக்குமே, ஒருக்கா நெல்லு கூட விழுந்தாலும் எஞ்சின் நிண்டுபோகாமல் அந்தச் சில்லுதான் இழுத்துக்கொண்டு போகும். நீர்மின், நிலக்கரி மெஷினுகளின்ரை பாரமும் கிரிட்டுக்கு, அதாவது நாடு முழுக்க கரண்ட் ஓடுற வயர் வலைக்கு, அந்தச் சில்லு மாதிரி. சோலர் பெனலுக்கு சில்லு இல்லை. அதால கிரிட் ஓட வேண்டிய தாளம், செக்கனுக்கு 50 தரம் (50 ஹேர்ட்ஸ்), குழம்பினவுடனை பிடிச்சு நிப்பாட்ட ஆள் காணாமல் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா விழுந்துது. பெரிய பற்றரி இருந்திருந்தால் செக்கனுக்குள்ள கரண்டைத் தள்ளித் தாங்கியிருக்கும், அவுஸ்திரேலியாவில 2016 இல தெற்கு அவுஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்ட பிறகு அடுத்த வருசமே ஹோர்ன்ஸ்டேல் எண்ட இடத்தில 100 மெகாவாட் பற்றரி வச்சது இதுக்காகவும்தான்.

இனி உங்கட கேள்வி. 10 யூனிற் வேணுமோ? ஒரு பேப்பர் எடுத்து இரவுக்கு என்ன ஓடுது எண்டு எழுதிப் பாருங்கோ. 60 வாட் ஃபான் மூண்டு எட்டு மணித்தியாலம் ஓடினா ஏறக்குறைய ஒண்டரை யூனிற். ஆறு எல்ஈடி லைற் அஞ்சு மணித்தியாலம் கால் யூனிற்கு மேல கொஞ்சம். ஃபிரிட்ஜ் இரவில அரை யூனிற் எண்டு வைப்பம். ஃபோன், ரவுட்டர் எல்லாம் சேர்த்தும் ரெண்டரை தாண்டாது. 5 யூனிற் பற்றரி தாராளமாக் காணும். ஏசி, தண்ணி மோட்டர், மின்சார அடுப்பு எல்லாத்தையும் கரண்ட் கட் நேரத்திலயும் ஓட்டப்போறன் எண்டாத்தான் 10. ஜாம் போத்தல் விளக்கில படிச்சு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊரெண்டு சொல்லிப்போட்டு இப்ப கரண்ட் இல்லாட்டி ரெண்டு மணித்தியாலம் ஏசி இல்லாமல் இருக்க ஏலாது எண்டுறம், சரி அது உங்கட விருப்பம்.

ஆனா பற்றரி மட்டும் வாங்கி உங்கட இன்வேட்டரில கொழுவ ஏலாது. ஒண்டில் அதைக் கழட்டிப்போட்டு பெனலையும் பற்றரியையும் சேர்த்து ஓட்டுற ஹைபிரிட் இன்வேட்டர் போட வேணும், இல்லாட்டி பக்கத்தில பற்றரிக்கெண்டு வேற இன்வேட்டர். ரெண்டுக்கும் விலை கேளுங்கோ. பூட்ட முதல் மின்சார சபையோட இருக்கிற ஒப்பந்தத்தை மாத்த வேணுமோ எண்டு உங்கட பகுதி மின் பொறியியலாளர் அலுவலகத்தில எழுத்தில கேட்டு மறுமொழி வாங்குங்கோ, "நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" எண்டு கொம்பனிக்காரர் சொன்னா நம்பாதேங்கோ. காசு குடுக்க முதல் மெயின் சுவிச்சை நிப்பாட்டி வீடு ஓடுதோ எண்டு காட்டச் சொல்லுங்கோ. காட்ட மாட்டன் எண்டால் மிச்சக் காசைக் குடுக்காதேங்கோ.

கேள்வி: புதுக்குடியிருப்பில சின்னக் கடை வச்சிருக்கிறன். ட்யூபியூலர் பற்றரி ரெண்டு லித்தியத்தை விட நல்ல மலிவு. எதை எடுக்க?

பதில்: பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாக்காமல் பாவிக்கக்கூடியது எவ்வளவு எண்டு பாருங்கோ. 12 வோல்ட் 150 ஆம்பியர் பற்றரி ரெண்டெண்டால் கணக்குக்கு 3.6 யூனிற், ஆனா ட்யூபியூலர் எண்டது லெட் ஆசிட் வகை, அதைப் பாதிக்கு மேல இறக்கினால் கெதியாச் செத்துப்போகும், அப்ப கையில 1.8 தான். லித்தியத்தில எல்எஃப்பி எண்டு சொல்லுற வகை 51.2 வோல்ட் 100 ஆம்பியர் ஒண்டு 5.12 யூனிற், அதில 90 வீதம் பாவிக்கலாம், 4.6 வரும். எல்எஃப்பி சாதாரணமா 4000 தரம், கூடவும், ஏத்தி இறக்கலாம், ட்யூபியூலர் ஆயிரத்துக்கு அங்கால இங்கால. ஆனா நீங்கள் கிழமையில ஒருக்கா ரெண்டு மணித்தியாலம் கரண்ட் போறதுக்காக மட்டும் வாங்கிறியள் எண்டால் ட்யூபியூலர் போதும், நட்டமில்லை. தண்ணி விட மறக்காதேங்கோ, சாமான் அடுக்கிற அறைக்குள்ள பூட்டி வைக்காதேங்கோ, சார்ஜ் ஏறேக்க வாற வாயு நெருப்புப் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் இரவில பாவிக்கப் போறியள் எண்டால் லித்தியம்தான்.

இன்னொண்டு, வொரண்டி 10 வருசம் எண்டு பெரிசா அடிச்சிருப்பாங்கள், யார் தாறது எண்டு பாருங்கோ. கடைக்காரரோ, இறக்குமதி செய்தவரோ, செய்த கொம்பனியோ? எத்தினை தரம் ஏத்தி இறக்கினா முடியும் எண்டும் கீழ சின்ன எழுத்தில இருக்கும். சீரியல் நம்பர் எழுதின பில் கட்டாயம். பில் தரமாட்டன் எண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல சொல்லலாம்.

கேள்வி: நெடுங்கேணியில கச்சானும் மிளகாயும். கிணத்து மோட்டர் ஒரு குதிரை வலு. இரவிலயும் இறைக்க பற்றரி வாங்கினா என்ன?

பதில்: வேண்டாம் அண்ணை. கரண்டைச் சேமிக்காமல் தண்ணியைச் சேமியுங்கோ. பகல்ல சோலர்ல இறைச்சு மேல் தாங்கிக்கு விட்டு, பின்னேரம் சொட்டு நீருக்கு திறந்துவிடுங்கோ, தாங்கி 20 வருசம் நிக்கும், பற்றரி நிக்காது. மோட்டர் ஸ்டார்ட் பண்ணேக்க இழுக்கிற கரண்ட் சும்மா ஓடுறதை விட மூண்டு நாலு மடங்குக்கு மேல, அதுக்கெண்டே பெரிய இன்வேட்டர் வாங்க வேண்டி வரும்.

தாங்கித் தண்ணியில இருந்து திருப்பி கரண்ட் எடுக்கலாமோ எண்டு ஒருவர் முதல் கேட்டவர், அதையும் இதிலயே சொல்லிவிடுறன். ஒரே ஒரு யூனிற் சேமிக்க 37,000 லீற்றர் தண்ணியை 10 மீற்றர் உயரத்துக்கு ஏத்த வேணும். அதுதான் மஹா ஓயாவில 600 மெகாவாட்டுக்கு தண்ணியை மேல ஏத்தி இறக்கிற திட்டத்தை மலைநாட்டில யோசிச்சவை. எங்கட பக்கம் இரணைமடு எவ்வளவு பெரிசெண்டாலும் உயரத்துக்கு எங்க போறது?

கேள்வி: மன்னாரில இருந்து எழுதிறன். போன வருசம், 2025 சித்திரைப் புதுவருசத்துக்கு சோலரை பின்னேரம் 3 மணி மட்டும் நிப்பாட்டச் சொன்னாங்கள். இரவில கரண்டுக்கு விலை கூட. அப்ப பகல்ல பற்றரியில சேமிச்சு இரவில வித்தால் லாபம்தானே?

பதில்: யோசனை சரி, கணக்கைப் பாத்திட்டு இறங்குங்கோ. பேச்சுக்கு 5.12 யூனிற் பற்றரி 4 லட்சம் எண்டு வைப்பம். 4.6 யூனிற் 4000 தரம் எண்டால் ஆயுள் முழுக்க 18,400 யூனிற், ஒரு யூனிற்றைச் சேமிச்சு வைக்கிற கூலியே கிட்டத்தட்ட 22 ரூபா, இன்வேட்டர் விலை வேற, ஏத்தி இறக்கேக்க பத்தில ஒண்டு போற நட்டம் வேற. இரவு 6.30 இல இருந்து 10.30 மட்டும் பீக் நேரம், அந்த நேரம் உங்களுக்குத் தாற விலைக்கும் பகல் விலைக்கும் இடையில இந்த 22 ஐ விட வடிவா கூட வித்தியாசம் இருக்கோ, அது எத்தினை வருசத்துக்கு ஒப்பந்தத்தில எழுதித் தருகினம் எண்டு பாத்துத்தான் காசை இறக்க வேணும். விலை இடையில மாறினால் நீங்கள்தான் மாட்டுவியள், 2016 இல இருந்து சோலர் விலையள் எத்தினை தரம் மாறிப்போச்சு. என்னைக் கேட்டால் இந்த வேலையை சப்ஸ்டேஷனில பெரிய பற்றரி வச்சு அரசாங்கம் செய்யிறதுதான் ஞாயம், உங்கட மன்னார் தம்பபவனி காத்தாலையின்ரை 30 காத்தாடியும் 103.5 மெகாவாட்டோட சோழகத்தில ராவு பகலா சுத்தேக்க அதையும் சேர்த்துச் சேமிக்கலாம்.

கேள்வி: வட்டக்கச்சி. பற்றரியை எங்க வைக்க? தகரக் கொட்டில் ஒண்டு சும்மா கிடக்கு.

பதில்: தகரத்துக்குக் கீழ வேண்டாம், ஆடி வெயிலில அவிஞ்சுபோகும், சூட்டில லித்தியமும் ஆயுள் குறையும். வெயில் படாத, காத்து வாற சுவரில, ஆக்கள் படுக்கிற அறைக்கு வெளியால. நிலத்தில வைக்காதேங்கோ. 2018 மார்கழியில உங்கட பக்கம் தண்ணி எந்த மட்டத்துக்கு ஏறினது எண்டு சுவர்ல இப்பவும் கறை இருக்கும், அதுக்கு மேல ரெண்டு அடி விட்டு கொழுவச் சொல்லுங்கோ. சித்திரை, ஐப்பசி இடிக்கு, மின்னலில திடீரெண்டு பாயிற வோல்ட்டைத் தடுக்கிற சேர்ஜ் (surge) புரொடெக்டரும் நல்ல எர்த்தும் விலைக்குள்ள சேர்த்தோ எண்டும் கேளுங்கோ, கன பேர் அதை விட்டிட்டுத்தான் விலையைக் குறைச்சுக் காட்டுகினம்.