கூட்டுத் திட்டத்தில் வேலை: நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூன், தன்லின் பக்கம் கட்டுமானத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்டவை இவை. வெளிநாட்டுக் கம்பெனியும் அரசு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் திட்டங்களில் ஒப்பந்தப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

ஐயா, பர்மா தரப்புக்கு 51 சதவீதம் என்றால் அரசாங்கம் சொன்னதுதானே நடக்கும்?

அந்த 51-ஐப் பிரித்துப் பாருங்கள் தம்பி. தன்லின் பக்கத்தில் திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலம் தொடங்கியபோது பர்மா தரப்பு 51, ஜப்பான் தரப்பு 49. ஆனால் அந்த 51-இல் அரசுக்கு 10தான். மற்ற 41 உள்நாட்டுக் கம்பெனியுடையது. அதன் பங்குகளைப் பொதுமக்களும் வாங்கினார்கள். ஜப்பான் பக்கத்தில், அந்நாட்டு அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுக்கு 10.

சதவீதத்தை விடுங்கள். 'இரு தரப்பும் சம்மதித்தால்தான்' என்று ஒரு பட்டியல் ஒப்பந்தத்தில் இருக்கும், அதை முதலில் படியுங்கள். பட்ஜெட், கடன், பெரிய டெண்டர், மேலாளர் நியமனம் எல்லாம் அதில்தான். அதற்குச் சம்மதம் தர வேண்டியவர், பங்கு சிறிதானாலும், வேலையை நிறுத்தலாம்.

அரசு தரப்பில் ஒரு கையெழுத்துக்கே மாசக்கணக்கில் ஆகிறதே, என்ன செய்வது?

நான் பட்ட பாடு இது. ஒரு திட்டத்தில் வடிகால் வரைபடம் ஏப்ரல் தொடக்கத்தில் போனது. எங்களுடன் உட்காரும் அதிகாரி நல்ல மனுஷர், ஆனால் தலைநகர் நேப்பிடோவிலிருந்து பதில் வராமல் அவரால் பேனா எடுக்க முடியாது. மே பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர், கரை சரிந்து கம்பிக்கட்டு சேற்றில். கையெழுத்து வந்தது ஜூனில்.

அதற்கப்புறம் நான் விடாமல் கேட்பது இரண்டு. எவ்வளவு தொகை வரை தளத்திலேயே ஒப்புதல் தரலாம் என்று எழுத்தில் வேண்டும். இத்தனை நாளில் முடிவு வராவிட்டால் இரு தலைவர்களும் உட்கார வேண்டும், அதிலும் தீராவிட்டால் நடுவர் மன்றம், அதாவது கோர்ட்டுக்கு வெளியே இரு தரப்பும் ஏற்கும் நடுவர்கள், என்ற படிகளும் வேண்டும். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் நாடுகளின் நியூயார்க் உடன்படிக்கையில் பர்மா 2013-இல் சேர்ந்தது, 2016-இல் நடுவர் சட்டமும் வந்தது. அதனால் வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை இங்கே நிறைவேற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அரசு தன் பங்காக நிலம் தருகிறது. நமக்கு அதில் என்ன கவலை?

பெரிய கவலை அம்மா. காகிதத்தில் காலி நிலம், போய்ப் பார்த்தால் அடுப்பு எரியும். திலாவா முதல் கட்டத்துக்கு 2013-இல் 68 குடும்பங்கள் இடம் மாறின; 2014-இல் குடியிருப்போர் ஜைக்காவிடமே முறையிட்டார்கள். 'நட்டஈடு கொடுத்து முடித்த நிலம்' என்பதை முன்நிபந்தனையாக எழுதுங்கள். எழுதியதோடு விடாமல் நீங்களே போய், புது இடத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.

கடன் டாலரில், வருமானம் கியாட்டில். சரியா?

ஆபத்து. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, உள்ளே வரும் டாலரை 1,850 கியாட் வீதத்தில் மாற்றச் சொன்னது. ஆகஸ்டில் அது 2,100; அதே டாலர் கடனை அடைக்கக் கூடுதல் கியாட் வேண்டும். சிறப்பு மண்டலக் கம்பெனிகளுக்கு விலக்கு அந்த ஏப்ரலிலேயே, உத்தரவுக்குச் சில நாள் கழித்துத்தான் வந்தது. கட்டண விகிதம் டாலரோடு ஏறி இறங்கும் விதி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பர்மிய மொழி பேசுவேன், எழுத வராது. பரவாயில்லையா அண்ணே?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு தரப்புக் கடிதமெல்லாம் பர்மிய மொழியில்தான் வரும். எழுதக் கற்றுக்கொள், ஆறு மாசம் போதும். ஆங்கிலப் பிரதியும் பர்மியப் பிரதியும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரியையும் இன்றே தேடிப் பார்.