முன்னாள் மாணவர் சங்கம்: கேளுங்கள், சொல்கிறேன்

அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்திக்கொண்டே பதினோரு வருடம் முன்னாள் மாணவர் சங்கத்தையும் பார்த்துக்கொண்டேன். வந்த கேள்விகளில் சில.

சார், கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு வரப்போகிறது. சங்கத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? (உதவிப் பேராசிரியர், கரூர்)

செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். பதிவு செய்வதில் சிரமமில்லை. அப்புறம் வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்வதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

பழைய மாணவர்களின் நம்பரே இல்லை. எங்கே தொடங்குவது?

ஆபீஸ் பீரோவில். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். தொண்ணூறுகளின் பக்கங்களில் 'பி.பி.' என்று போட்டுப் பக்கத்து வீட்டு நம்பர்தான் இருக்கும், அது உதவாது. ஊர்ப் பெயர் உதவும். நாங்கள் ஊர்வாரியாகப் பட்டியல் போட்டு இப்போதைய மாணவர்களிடம் கொடுத்தோம். ஒரு முதலாமாண்டுப் பெண் பார்த்ததுமே, "சார், இது எங்க பெரியப்பா" என்றாள். அந்தப் பெரியப்பாவின் செட்டுக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள்.

நன்கொடை எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறது.

முதலில் கேட்காதீர்கள். எங்கள் பழைய பி.காம். மாணவர் ஒருவர் ஆடிட்டர். மூன்று சனிக்கிழமை மட்டும் வாருங்கள் என்றோம். இறுதியாண்டுப் பிள்ளைகளிடம், "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எப்படிப் போடுவீர்கள்?" என்று கேட்டார். அதைப் பாடமாக நடத்தியவன் நான். வகுப்பே மௌனம்! அடுத்த வாரம் லேப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபோது கரண்ட் போனது, எல்லா கம்ப்யூட்டரும் அணைந்தன. "யு.பி.எஸ். இல்லையா சார்?" இருக்கிறது, பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். மூன்றாவது சனிக்கிழமை அவர் காரிலேயே புது பேட்டரிகள் வந்தன. நான் கடிதம் எழுதியிருந்தால் புது கம்ப்யூட்டர் கேட்டிருப்பேன்; அதுவும் பேட்டரி இல்லாமல் அணைந்திருக்கும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு ஒரே ஆள் 228 கோடி கொடுக்கிறார். நமக்கெல்லாம் நடக்குமா?

2024-இல் அதைக் கொடுத்த கிருஷ்ணா சிவுகுலா அங்கே எம்.டெக். படித்தது 1970-இல். இடையில் ஐம்பது வருடத்துக்கு மேல். அங்கே இந்த வேலைக்கென்றே தனி அலுவலகம் உண்டு. நம் கல்லூரிகளில் என்.எஸ்.எஸ்.ஸோடு சேர்த்துப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுகிறோம். தொகையை விடுங்கள், அந்த அலுவலகத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

அண்ணா, சிங்கப்பூர் நண்பன் பணம் அனுப்புகிறேன் என்கிறான். வாங்கலாமா?

எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவும் இல்லை, முன் அனுமதியும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஊருக்கு வரும்போது ஒரு நாள் வகுப்பெடுக்கச் சொல்லுங்கள்.

கொடுத்தவர்களுக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போதுமா?

போர்த்துங்கள், தப்பில்லை. கூடவே பேட்டரி பில்லின் நகலையும், கரண்ட் போன நேரத்தில் லேப் ஓடும் போட்டோ ஒன்றையும் அனுப்பிவையுங்கள்.